முழுப் பேர்

திங்கட்கிழமை விடியும் முன்பே வீரம்மா தலைக்குக் குளித்துவிட்டாள். மடுல்கெல்லைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மலையின் குளிர் முழுவதும் குழாய்த் தண்ணீரில்தான் இறங்கி வரும். வேலை நாளில் ஒருத்தி அதில் தலை நனைப்பதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். குடத்தோடு காத்துக்கொண்டிருந்த லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பொன்னழகு கேட்டே விட்டாள்.

“என்னாடி, பொண்ணு பாக்க வர்றாங்களா?”

“நான்தான் பாக்கப் போறேன். இன்னிக்கு எம்பேரு மெஷின்ல வருதுல்ல.”

“பாத்துட்டுக் கட்டிக்கப் போறியாக்கும்.”

“புடிச்சிருந்தா கட்டிக்கிறேன். ஒனக்கென்னா வயித்தெரிச்சல்? ஓம்பேருந்தான் வருது.”

தோட்டத்தில் பேர் என்றால் ஆளை அழைக்கும் பேர் மட்டுமல்ல. ஒரு நாள் வேலை முழுதாகப் பதிவானால் அது ஒரு பேர். கொழுந்து குறைந்தால், பிந்தி வந்தால், அரைப் பேர். அந்தப் பேர் விழுகிற இடத்தில் சொந்தப் பேர் மட்டும் எப்போதும் இருந்ததில்லை. நம்பர்தான் இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மின்சாரத் தராசு வந்து, அதோடு தொடுதிரை டெப் ஒன்றும் வந்த பிறகும் நம்பர்தான். போன வருடம் ஒரு நாள் இரண்டு நம்பர்கள் இடம் மாறி, காய்ச்சலில் படுத்துக் கிடந்த பொன்னழகுக்கு முழுப் பேரும், மலையில் நனைந்துகொண்டு நின்ற வீரம்மாவுக்கு வெறும் கையும் கிடைத்தன. இருவரும் ஒன்றாகவே ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். “எனக்குக் குடுத்தத எடுத்துக்கிட்டு இவளுக்குக் குடுங்க” என்று பொன்னழகு கத்தியதைத் தோட்டமே கேட்டது.

எங்கள் பேரை எங்கள் எழுத்தில் போட்டால் என்ன என்ற கேள்வி அன்றைக்குத்தான் கிளம்பியது. தோட்டத்து மேலாளரான தொரை முடியாது என்றார். பிறகு பார்க்கலாம் என்றார். பெண்கள் ஒரு காலையில், வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே உட்கார்ந்துகொண்டு மலைக்குப் போகாமல் இருந்தபோதுதான் சரி என்றார். அந்தத் தராசு மென்பொருளைச் செய்து கொடுத்தது கண்டியில் ஒரு சின்ன நிறுவனம். வீரம்மாவின் மகள் லோஜினி அங்கேதான் வேலை செய்தாள்.

இந்தத் திங்கட்கிழமைக் காலை லோஜினி அடுப்படியில் நின்றபடியே தேங்காய் ரொட்டியைப் பிய்த்துக் கட்டச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கீழ் வளைவில் கேட்டால் ஓட வேண்டும்.

“எல்லாம் ஏறிருச்சும்மா. நேத்தே நிரோஷன் மெசேஜ் போட்டுட்டான்.”

நிரோஷன் மடுவத்தில் கொழுந்து நிறுப்பவன். மேல் டிவிசன் பையன்.

“அதுக்குள்ளயா? போன தடவ கோயில் முடக்குல குடையப் புடிச்சிக்கிட்டு பொழுதெல்லாம் நின்னானே.”

“அப்ப முழுசா அனுப்பினோம். சிக்னல் பாதியில அறுந்தா மறுபடி மொதல்லருந்து எறக்கணும். இப்ப நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். போன தடவைக்கு அப்புறம் எந்த ஃபைலு மாறிச்சோ அத மட்டும் பொறுக்கி எடுத்துக் கட்டும். சின்னப் பொட்டலம். சட்டுனு வந்துரும்.”

வீரம்மா ஈரத் தலையில் துண்டைச் சுற்றினாள். “வளந்தத மட்டும் கிள்ளிக்கிட்டு மத்தத விட்டுடுது.”

“அதேதான்.”

“பாத்தியா,” என்று அவள் சுவருக்கு அப்பால் இருந்த பொன்னழகுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். “எம்மக கண்டியில ஒக்காந்து கொழுந்துதான் எடுக்கிறா.”

காலை நிறுவைக்கு மடுவத்தில் வரிசை நின்றபோது தூறல் வலுத்திருந்தது. மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குகளிலிருந்து நீர் சொட்டியது. வழக்கமாகப் பின்னால் நிற்கும் வீரம்மா அன்று எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள். நிரோஷன் டெப்பைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

“என்னாப்பா மூடி வச்சிருக்க? சாமி திரையா?”

“அக்கா, கோவப்படக் கூடாது.”

அவன் திருப்பிக் காட்டினான். நம்பர் இருந்தது. பக்கத்தில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். லயத்துக் காம்பராக்கள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே ஒருவரும் இல்லாமல்.

“இதென்னா?”

“பேரு.”

“யாரு பேரு?”

“ஒங்க பேருதாங்க்கா. எல்லாருக்கும் இப்பிடித்தான் காட்டுது.”

பொன்னழகு எட்டிப் பார்த்தாள். “எனக்குக் கட்டம் கூடுதலா இருக்கே! அடியே, எனக்கு மட்டும் காம்பரா கூடக் குடுத்திருக்காங்கடி.”

வரிசை சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “வீரம்மாக்கா மக செஞ்ச மெஷினாச்சே. படிச்ச புள்ள எழுதினா நமக்கெல்லாம் வெளங்குமா?” என்றது. சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீண்டது.

“எம்மக செஞ்சது சரியாத்தான் இருக்கும்,” என்றாள் வீரம்மா. “இதுல யாரோ கைய வச்சிருக்காங்க.”

நிரோஷன் வெளியே போய் வாசல் தகரத்தின் கீழ் நின்று தொரைக்கு போன் எடுத்தான். சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி ‘சரி சேர், சரி சேர்’ என்று சொல்லிவிட்டு வந்தான்.

“நம்பர் தெரியுதுல்ல, நம்பர பாத்து நிறுக்கச் சொல்றாரு. பேரெல்லாம் சரிவராதாம். நாளைலருந்து பழையபடி நம்பர் மட்டும்தான். கண்டிக்குச் சொல்லியாச்சாம்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“நிறுக்கலன்னா?” என்றாள் வீரம்மா.

“அரைப் பேருன்னு போடச் சொல்றாரு.”

“பேரே இல்லாத எடத்துல பாதி எதுன்னு கேட்டுச் சொல்லு.”

“நான் எப்பிடிக்கா அவருகிட்ட...”

“அப்ப நான் நிறுக்கல.”

அவள் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டவில்லை. ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அடுத்தது பொன்னழகு. அவள் நிரோஷனைப் பார்த்தாள், கட்டங்களைப் பார்த்தாள், தன் சாக்கையும் இழுத்துக்கொண்டு வீரம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அதற்குப் பிறகு வரிசை என்று ஒன்று இல்லை.

பெண்களை மேற்பார்க்கும் கறுப்பையாக் கங்காணி கையைப் பிசைந்தார். “ஒங்க சண்டைய அப்புறமா வச்சுக்கங்க. சாக்குலயே கெடந்தா கொழுந்து வெந்து செவந்துரும்.”

“அது எனக்குத் தெரியாதா கங்காணி? எங்களுக்குத் தொரையோடதான் சண்டை. கொழுந்து என்னா பாவம் பண்ணிச்சு?”

வீரம்மா சாக்கைச் சாய்த்தாள். ஈரக் கொழுந்தை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி, காற்றுப் படும்படி மெல்லிய பரப்பாகச் சீமெந்துத் தரையில் விரித்தாள். மற்றவர்களும் விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தராசு மேசையிலிருந்து வாசற்படி வரைக்கும் தரை தெரியாமல் பச்சையாகிவிட்டது. பெண்கள் சுவரோரமாகக் காலை மடக்கி உட்கார்ந்து தேத்தண்ணிப் போத்தல்களைத் திறந்தார்கள்.

*

கண்டியில் லோஜினியின் அலுவலகம் குட்செட் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பாமசிக்கு மேல் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கண்டக்டர்கள் ஊர்ப் பேர்களை ஒரே மூச்சில் கோர்த்துக் கூவுவது உள்ளே வரும். அந்தச் சத்தத்தில் தன் ஊருக்குப் போகும் பேர் வரும்போதெல்லாம் அவளுடைய கை விசைப்பலகையில் ஒரு கணம் நிற்கும்.

நண்பகலுக்குச் சற்று முன்னால் ரிஷிகேசன் தன் கதிரையிலிருந்து கூப்பிட்டார். அவர்தான் அந்தக் குழுவுக்குப் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே குடும்பமாகத் தங்கிவிட்டவர்.

“லோஜினி, இஞ்சை ஒருக்கா வாரும். உம்மட தோட்டத்தில பேருக்குப் பதிலா பெட்டி பெட்டியா வருதாம். அங்க ஒருத்தரும் கொழுந்து நிறுக்கேல்லையாம். என்ன செய்தனீர்?”

“என் மெஷின்ல நல்லாத்தானே தெரியுதுண்ணா. பாருங்க.”

உண்மைதான். அவளுடைய திரையில் பேர்கள் வரிசையாக, சுழியும் கொம்பும் புள்ளியுமாகத் தெளிவாக நின்றன. அப்போது அவளுடைய போன் அடித்தது. நிரோஷனின் இலக்கம், வீரம்மாவின் குரல்.

“லோஜி, நீ அனுப்பினதுல யாரு கைய வச்சா?”

“அம்மா, என்னா தெரியுதுன்னு அப்பிடியே சொல்லு.”

“கட்டம்.”

“நம்பரு?”

“நல்லாத் தெரியுது.”

“மேல இங்கிலீசுல தோட்டத்துப் பேரு இருக்குமே?”

“அதுவும் பளிச்சுனு இருக்கு. நாங்க மட்டுந்தான் இல்ல.”

லோஜினிக்கு விளங்கியது. பேர்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவற்றை வரைந்து காட்டும் எழுத்துருதான் சேரவில்லை. மலையில் இருப்பவை பழைய டெப்புகள், அவற்றுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. அதற்காகத்தான் அவள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் எழுத்துருக் கோப்பை எடுத்து, போன வாரம் மென்பொருளோடு சேர்த்தாள். அனுப்பிய பொதியைத் திறந்து பார்த்தாள். அது அதில் இல்லை. மூலக் கோப்புறையைத் திறந்தாள். அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்ததும் ஸ்கிரிப்டைத் திறந்தாள்.

அந்த எழுத்துருவை யாரோ எங்கோ பல வருடங்களுக்கு முன்னால் செய்து முடித்திருந்தார்கள். இங்கே வந்தது போன வாரம் என்றாலும் அது தன்னோடு கொண்டு வந்தது செய்து முடித்த நாளின் தேதியை. அவளுடைய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்பிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: போன அப்டேட்டுக்குப் பிறகு மாறினாயா? எழுத்துரு இல்லை என்றது. ஸ்கிரிப்ட் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. பொய் சொன்னவர் யாரும் இல்லை. கேள்வியைத் தவறாக எழுதியவள் அவள்.

“அண்ணா, கண்டுபிடிச்சிட்டேன். என் பிழைதான்.”

“நல்லது. அதைப் பிறகு பாப்பம். இப்ப அவை கேக்கிறது நம்பர் மட்டும் வாற பெக்கேஜ். பேர் வாற ஸ்கிரீனைத் தூக்கிப்போட்டு பழசை வையும். கொஞ்ச நேர வேலை.”

“கொஞ்ச நேர வேலைதான். ஆனா நான் செய்ய மாட்டேன்.”

ரிஷிகேசன் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சொல்லுறீர்?”

“இன்னிக்கு நம்பர்னு போனா பேரு இனி வராதுண்ணா. ஒரு சாட்டு கெடைக்காதான்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. அத நானே பொட்டலம் கட்டி அனுப்பிட்டேன். விட்டுப் போன ஃபைல சேத்து அனுப்புறேன். பேர எடுக்கிற பெக்கேஜ் என் கையால போகாது.”

“உம்மட அம்மா அங்க வேலை செய்யிறா. அதுதான் உமக்குச் சுடுது.”

“ஆமா. அதனாலதான். வேற எதனால இருக்கணும்?”

கீழே ஒரு கண்டக்டர் வத்தேகம, பன்வில என்று கூவிக்கொண்டு போனான்.

“தங்கச்சி, நான் உமக்கு எதிரியில்லை. அவை எங்கட வாடிக்கையாளர். கேட்டதைக் குடுக்காட்டி நாளைக்கு உமக்கும் வேலையில்லை, எனக்கும் இல்லை.”

“அப்ப நீங்க கட்டுங்க. ஃபைலெல்லாம் அங்கதான் இருக்கு.”

“நான் கட்டினா?”

“மடுவத்துல கேப்பாங்க, யாரு எடுத்ததுன்னு. ரிஷிகேசன்னு சொல்லுவேன்.”

“நீர் என்னை வெருட்டுறீரோ?”

“பேர சொல்றது வெருட்டுறதா அண்ணா?”

பக்கத்து மேசையில் இருந்த ரிஸ்மி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தேநீர்க் கோப்பையில் தும்மினான். ரிஷிகேசன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

லோஜினி தன் இடத்துக்குப் போனாள். தேதி கேட்கும் வரியை அழித்தாள். அதன் இடத்தில், ஒவ்வொரு கோப்பையும் முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து அதற்கு ஒரு கைநாட்டு எடுக்கும்படி எழுதினாள். மலையில் இருக்கும் கோப்பின் கைநாட்டும் இதுவும் ஒன்றாக இருந்தால் விட்டுவிடு. வேறாக இருந்தால் எடு. அங்கே அப்படி ஒன்றே இல்லையென்றாலும் எடு. எப்போது பிறந்தாய் என்று யாரையும் கேட்காதே. இப்போது எழுத்துரு பொதிக்குள் வந்தது. இந்த முறை தன் கணினியை அவள் நம்பவில்லை. அலுமாரியில் கிடந்த பழைய டெப் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, அதில் ஏற்றிப் பார்த்தாள். எழுத்துகள் வந்தன.

தோட்டத்தில் பொதி இறக்குமளவு சிக்னல் கிடைப்பது கோயில் வளைவில், அந்த முடக்கில், மட்டும்தான்; மழையில் அங்கும் நொண்டும். சிக்னல் இருந்தாலும் நம்பர் பெக்கேஜைத் தவிர வேறு எதையும் இறக்கக் கூடாதென்று நிரோஷனுக்குத் தொரையின் உத்தரவு. அவள் மடிக்கணினியைப் பைக்குள் வைத்து, பையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றினாள்.

“லீவு போட்டிட்டோ போறீர்?”

“இல்லண்ணா. வேலைக்குத்தான் போறேன்.”

ரிஷிகேசன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த சோற்றுப் பார்சலைத் தன் பக்கம் இழுத்தார். “நான் அந்த பெக்கேஜைக் கட்டத்தான் போறன். கட்டி அனுப்பத்தான் போறன். ஆனா அதுக்கு முதல் சாப்பிட வேணும். சாப்பிட்டாப் பிறகு ஒரு பிளேன்ரீயும் குடிக்க வேணும்.” நூலைப் பிரித்தபடி, அவளைப் பார்க்காமலே சொன்னார். “ஏலுமெண்டா முந்திப் போம்.”

வத்தேகம வழியாகப் போகும் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடித்தான் ஏறினாள். மழைக்கு எல்லா ஜன்னல்களையும் அடைத்திருந்ததால் உள்ளே ஈரத் துணியும் உள்ளி மணமும் கலந்து அடித்தன. யாரோ பொரித்த வடையைக் கடதாசியில் வைத்துச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தார்கள். பன்வில தாண்டிய பிறகு சாலை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ஏறியது. கண்ணாடியின் மறுபுறம் தேயிலையும் முகிலும் மாறி மாறி வந்தன. மடியில் இருந்த பையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே இருந்த பொதிக்கு எடை கிடையாது என்று தெரிந்தும், ஒவ்வொரு வளைவிலும் அது சரிந்துவிடும் போல இருந்தது.

*

மடுவத்துக்கு வெளியே தொழிற்சாலை லொறி நின்றது. அதன் பக்கத்தில், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அவளுடைய அப்பா ராஜலிங்கம் நின்றார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. கொழுந்து ஏன் வரவில்லை என்று பார்த்துவரச் சொல்லி அவரை லொறியில் அனுப்பியிருந்தார்கள். வாசலில் நின்றபடியே உள்ளே இருந்த மனைவியோடு அவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

“மேல மாடி காலியாக் கெடக்கு. ஃபேனு வெறும் காத்த ஊதிக்கிட்டு இருக்கு. நிறுத்துக் குடுத்துட்டு அப்புறமா சண்டையப் போடு.”

“நிறுத்துக் குடுத்தப்புறம் யாருகிட்டப் போடறது? தேயில மரத்துக்கிட்டயா?”

“புள்ள வேல போயிரும்டி.”

“அவ வேல போயிரும், ஒங்க வேல போயிரும், நிரோஷன் வேல போயிரும். இந்த மலையில எம்பேரு ஒன்னுதான் போனாப் பரவாயில்லையா?”

அப்போதுதான் லோஜினி நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே காலை வைக்கப் போனவள், தரையைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டாள். வாசற்படி வரைக்கும் கொழுந்து. சுவரோரம் இருந்த எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

“வா,” என்றாள் வீரம்மா. “எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு. யாரு கைய வச்சது?”

லோஜினி அம்மாவைப் பார்த்தாள். காலையில் குளித்த தலை மழையிலும் வேர்வையிலும் மறுபடி ஒட்டிக் கிடந்தது.

“யாரும் வைக்கலம்மா. நான்தான். ஒரு ஃபைலு விட்டுப் போச்சு.”

“எப்பிடி விட்டுப் போவும்? வளந்ததெல்லாம் எடுக்குமின்னியே.”

“அது வந்தது போன வாரம். ஆனா அதுல பழைய தேதி இருந்துச்சு. தேதிய மட்டும் பாத்து, இது புதுசு இல்லன்னு ஒதுக்கிருச்சு.”

“தேதியா?” என்றார் ராஜலிங்கம். சாக்கைத் தலையிலிருந்து எடுத்தார். “ஓன் தாத்தாவ தேதி கேட்டே ஒதுக்கி வச்சிருந்தாங்க. பொறந்த பதிவுத் துண்டு எங்க, ஒங்கப்பன் பொறந்த துண்டு எங்கன்னு. கடைசி வரைக்கும் எந்த நாட்டு ஆளுன்னு தெரியாமலே செத்தாரு. நீயும் அதையேவா கேட்ட?”

அவருடைய குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கண் கலங்கியது. “இப்ப மாத்திட்டேன்ப்பா. இனிமே தேதி கேக்காது.”

காலையில் கேலி பேசிய குரல் மறுபடி எழுந்தது. “அப்ப தொரை மேல தப்பே இல்ல? இவ மக பண்ணின பெசகுக்கா நாங்க காலைலருந்து பட்டினி கெடக்கிறோம்?”

எல்லாரும் வீரம்மாவைப் பார்த்தார்கள். நிரோஷன் டெப்பைப் பார்த்தான். வீரம்மா மெதுவாக எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டியிருந்த ஓர் இலையை எடுத்துக் கொழுந்தோடு போட்டாள்.

“தப்புப் பண்ணினது எம்மக. அதுக்கு வீட்டுல வச்சு நான் பேசிக்கிறேன். இதுதான் சாட்டுன்னு பேரையே எடுக்கச் சொன்னது தொரை. அத இங்க வச்சுத்தான் பேசணும். ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டாத.”

“நல்லாச் சொன்னடி,” என்றாள் பொன்னழகு.

நிரோஷனின் போன் ஒரு முறை துடித்தது. படித்துவிட்டு எழுந்தான். “கண்டி சேரு நம்பர் பெக்கேஜ் அனுப்பிட்டாராம். கோயில் முடக்குக்குப் போயி எறக்கிக்கச் சொல்றாரு. நான் போகணும்.”

“போ,” என்றாள் பொன்னழகு. “எது மேல நடந்து போவ?”

அவன் கீழே பார்த்தான். மேசையின் கால் தொடங்கி வாசல் வரைக்கும் பச்சை. பறித்த கொழுந்தை மிதித்தவன் அந்தத் தோட்டத்தில் இல்லை. தொரை வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவார். நிரோஷன் ஒரு காலைத் தூக்கினான், வைக்க இடம் தேடினான், பழைய இடத்திலேயே வைத்தான்.

“எல்லாருஞ் சேந்து என்னைய மாட்டி விடுறீங்க.”

“நீ எங்கயும் போக வேணாம். அத மட்டும் குடு,” என்றாள் வீரம்மா.

“எனக்கும் வீடு வாசல் இருக்குக்கா. தொரை கேட்டா?”

“வீரம்மா வாங்கிக்கிட்டான்னு சொல்லு. ராஜலிங்கம் சம்சாரம் வீரம்மா, கீழ் டிவிசன். முழுப் பேரையும் சொல்லு.”

அவன் டெப்பை நீட்டவில்லை. மேசையின் விளிம்பில் வைத்துவிட்டுத் தராசுக் கொக்கியில் ஏதோ பழுது பார்ப்பவன் போல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். கறுப்பையாக் கங்காணி இருமினார். எழுந்தார். டெப்பை எடுத்துப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார். அது சுவரோரமாகக் கைமாறிக் கைமாறி, கொழுந்துக் கறை படிந்த விரல்களின் மேல், வாசற்படியில் உட்கார்ந்திருந்த லோஜினியிடம் வந்து சேர்ந்தது.

அவள் கம்பியை மாட்டினாள். ராஜலிங்கம் தன் சாக்கை விரித்து அவளுக்கும் கணினிக்கும் மேலே பிடித்துக்கொண்டார். பொதி ஏறியது. திரை ஒரு முறை இருண்டு விழித்தது.

கட்டங்கள் இல்லை.

லோஜினி டெப்பைத் திருப்பி, வந்த வழியே அனுப்பினாள். ஒவ்வொருத்தியும் தன்னைத் தேடி எடுத்துக்கொண்டுதான் அடுத்தவளிடம் கொடுத்தாள். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்தார்கள். பொன்னழகு திரையில் விரலை வைத்து ஆட்டினாள். “எம்பேருல ழானா வருதுடி! பாரு, எவ்வளவு நீளமா மடக்கி விட்டிருக்காங்க.” ஒருத்தி தன் பேரை உரக்கச் சொன்னாள். இன்னொருத்தி சொன்னாள். பெரட்டில் பேர் கூப்பிடுவது போல இருந்தது, கூப்பிட்டது மட்டும் அவர்களே.

டெப் வீரம்மாவிடம் வந்தது. அவள் அதைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, எழுத்துக் கூட்டினாள்.

“வீ... ர... மா.” நிமிர்ந்தாள். “இது யாரு?”

“நீதாம்மா,” என்றாள் லோஜினி.

“நான் வீரம்மா. நடுவுல ஒரு இம்மு இருக்கு.”

தோட்டத்து ஆபீசின் ஆங்கிலப் பதிவில் ஓர் எழுத்து எப்போதோ விட்டுப்போயிருக்கிறது. அதைப் பார்த்துத் தமிழாக்கியபோது புள்ளி வைத்த மகரம் வரவே இல்லை. லோஜினிக்கு முகம் சுட்டது. “நான் பாத்தேனேம்மா. எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சிச்சு.”

“நீ என்னைய அம்மான்னு கூப்புடறவ. பேர எங்க பாத்த?”

மடுவம் வெடித்துச் சிரித்தது. ராஜலிங்கம்கூடச் சிரித்தார். லொறிச் சாரதி பொறுமையிழந்து ஹோர்னை அடித்தான்.

“ஒரு எழுத்துத்தானே அக்கா,” என்றான் நிரோஷன், இப்போது திரும்பி. “நாளைக்கு மாத்திக்கலாம். இப்ப நிறுத்துருவோம். நாளைக்குப் பெரட்டுல தொரை வேற கேக்கப் போறாரு.”

“கேக்கட்டும். பேர சொல்லிக் கூப்புடட்டும், வந்து நிக்கிறேன். ஆனா அது எம்பேரா இருக்கணும்.” வீரம்மா சுவரோரம் மறுபடி உட்கார்ந்தாள். “இப்ப மாத்து.”

லோஜினி கணினியை மடியில் இழுத்துக்கொண்டாள். பேர்கள் இருந்த கோப்பைத் திறந்து, ரகரத்துக்கும் மாவுக்கும் நடுவே ஓர் எழுத்தைச் சேர்த்து, அதன் தலையில் புள்ளி வைத்தாள். ஸ்கிரிப்டை ஓட விட்டாள். அது எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனது. விட்டது, விட்டது, விட்டது. ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டியது.

“எவ்வளவு பெருசும்மா பொட்டலம்?” என்று கேட்டாள் வீரம்மா.

“ஒரு எழுத்து.”

வெளியே ஹோர்ன் மறுபடி நீளமாக அடித்தது. சுவரோரம் ஒருத்தியும் அசையவில்லை.

“ஊதட்டும்,” என்றாள் வீரம்மா.